சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் நீர்க்கட்டிகள்: அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது?

(மாநகர சபையின் ஆதரவில் தமிழ் பேசும் குடும்பங்களுக்காக நடாத்தப்பெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில், சிறுநீரக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நோயை விளக்குவதற்கு முன்னர் ஒரு சொல்லை விளக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் ஆங்கிலத்தில் 'சிஸ்ட்' எனக் குறிப்பிடுவதை நாம் 'கட்டி' என்கிறோம். 'டியூமர்' என்பதையும் 'கட்டி' என்றே சொல்கிறோம். முதுகில் சீழ் பிடித்து எழும் கொப்புளமும் நமக்குக் கட்டிதான். இம்மூன்றும் வெவ்வேறானவை. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர், "ஐயா, உங்கள் சிறுநீரகத்தில் ஒரு கட்டி காணப்படுகிறது" என்று கூறும்போது, கேட்பவரின் நெஞ்சில் புற்றுநோய் என்ற ஒரே சொல்தான் விழுகிறது. அதன் பின்னர் மருத்துவர் கூறும் எதுவும் அவர் செவியில் ஏறுவதில்லை.

பித்தப்பைக் கல்லைத் தேடி எடுத்த ஸ்கானில் இரண்டு சென்ரிமீற்றர் அளவுள்ள நீர்க்கட்டி ஒன்று சிறுநீரகத்தில் தெரிந்தமைக்காக, மூன்று வாரங்கள் உணவும் உறக்கமுமின்றி இருந்து, உயில் எழுதவும் ஆயத்தமான ஒரு பெரியவரை நான் அறிவேன். அவருக்கு ஏற்பட்டிருந்தது முடி நரைப்பதைப் போன்ற ஒரு மாற்றம். அதற்கு மருந்தும் தேவையில்லை, மறுமுறை ஸ்கானும் தேவையில்லை.

ஆகவே இவ்வுரையில் 'கட்டி' என்ற சொல்லைத் தனியே பயன்படுத்தமாட்டேன். 'நீர்க்கட்டி' என்றே சொல்வேன். மெல்லிய சுவரால் சூழப்பட்டு, உள்ளே நீர் நிறைந்த ஒரு பை என்பதே அதன் பொருள். அது உளுந்தளவும் இருக்கலாம், தேசிக்காயளவும் இருக்கலாம், அரிதாகத் தேங்காயளவும் இருக்கலாம்.

முதலில் எளிய நீர்க்கட்டிகளைப் பார்ப்போம். நமது ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகளும், அவற்றோடு இணைந்த நுண்குழாய்களும் உள்ளன. வயது ஏற ஏற, இக்குழாய்களுள் ஏதோ ஒன்றின் சுவர் புடைத்து, பின்னர் தனியே பிரிந்து, நீர் தேங்கிய பையாக மாறுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் நால்வருள் ஒருவருக்காவது இத்தகைய நீர்க்கட்டி இருக்கும். ஆண்களிடம் சற்று அதிகம். பெரும்பாலும் இவை வலிப்பதுமில்லை, சிறுநீரகத்தின் தொழிலைக் குறைப்பதுமில்லை. வேறொன்றைத் தேடிச் செய்த ஸ்கானிலேயே தற்செயலாக வெளிப்படுகின்றன. முன்னர் நம் பாட்டன்மாருக்கும் இவை இருந்தன. அவர்களுக்கு ஸ்கான் செய்ய ஆளில்லாததால், இருந்ததை அறியாமலே நெடுங்காலம் வாழ்ந்து போனார்கள்.

ஸ்கான் அறிக்கையில் 'சிம்பிள் சிஸ்ட்' என்ற இரு சொற்களைக் கண்டால் நிம்மதியடையுங்கள். சுவர் மெல்லியது, உள்ளிருக்கும் நீர் தெளிவானது, இடையில் தடுப்புகள் இல்லை என்பதே அதன் பொருள். தடித்த சுவரோ, பல தடுப்புகளோ, சுண்ணாம்புப் படிவோ காணப்பட்டால், மருத்துவர் மாறுபொருள் ஊசியேற்றிச் செய்யப்படும் சி.ரி. ஸ்கானுக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கோ அனுப்புவார். அதன் அறிக்கையில் 'பொஸ்னியாக்' என்ற பெயரும் ஓர் எண்ணும் காணப்படும். நியூயோர்க்கைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் மோர்ட்டன் பொஸ்னியாக் 1986ஆம் ஆண்டில் வகுத்த தரவரிசை அது. ஒன்று, இரண்டு எனில் கவலையில்லை. 'இரண்டு எஃப்' எனில் குறித்த கால இடைவெளியில் மீண்டும் ஸ்கான் செய்து கண்காணிக்க வேண்டும். மூன்று எனில் அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்டவற்றுள் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருந்திருக்கின்றன. நான்கு எனில் பத்தில் ஒன்பது. மூன்றும் நான்கும் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டியவை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சுவதைவிட, "எனது நீர்க்கட்டி எத்தனையாவது தரம்?" என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். அந்த ஒரு வினாவிலேயே பெரும்பாலான அச்சங்கள் தீர்ந்துவிடும்.

கல்லீரலில் தோன்றும் எளிய நீர்க்கட்டிகளும் அவ்வாறே. பித்தக்குழாயின் உள்தோலை ஒத்த மெல்லிய தோலால் ஆனவை. பிறப்பிலேயே வித்திடப்பட்டு மெல்ல வளர்பவை. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல்லீரல் என்றவுடன் மதுவை நினைப்பது நம் வழக்கம். வாழ்நாளில் ஒரு துளி மதுவும் அருந்தாத அம்மையார்கள், ஈரலில் நீர்க்கட்டி என்பதை வெளியே சொல்லக் கூசி, பிள்ளைகளிடமும் மறைத்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். நீர்க்கட்டிக்கும் மதுவுக்கும் எத்தொடர்பும் இல்லை. கொழுப்பு ஈரலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீர்க்கட்டி மிகப் பெரிதாகி இரைப்பையை அழுத்தினால், சிறிது உண்டவுடனே வயிறு நிரம்பியதுபோலத் தோன்றும்; வலது விலாவின் கீழ்ப் பாரம் தெரியும். அப்பொழுதே சிகிச்சை பற்றிய பேச்சு எழும்.

ஈரலில் தோன்றும் ஒரு வகை மட்டும் விலக்கு. அது நாடாப்புழு வகையொன்றின் முட்டைகளால் உண்டாகும் ஹைடற்றிட் நீர்க்கட்டி. ஆட்டின் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைப் பச்சையாக உண்ட நாய்களிடமிருந்து மனிதருக்கு வருவது. ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைப் பகுதிகளில் ஒரு காலத்தில் இது பெருந்தொல்லையாக இருந்தது. தாஸ்மேனியாவில் பல ஆண்டு முயற்சியால் கட்டுப்படுத்தப்பட்டது. இதனை முன்னேற்பாடின்றி ஊசியால் குத்தினால் உயிராபத்தான ஒவ்வாமை ஏற்படலாம். ஆகையால் பண்ணைகளில் வேலை செய்தவர்களும், இந்நோய் உள்ள நாடுகளில் வாழ்ந்தவர்களும் அதனை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

இனி, இன்றைய உரையின் மையத்துக்கு வருகிறேன். நீர்க்கட்டி ஒன்றிரண்டாக இல்லாமல் இரு சிறுநீரகங்களிலும் திரள் திரளாகத் தோன்றும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. 'பொலிசிஸ்ரிக் கிட்னி' எனப்படும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் என்பது அதுவே. பெயர் ஒற்றுமையால் இதனைப் பெண்களின் சூலகத்தில் காணப்படும் 'பொலிசிஸ்ரிக் ஓவரி' நிலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.

இந்நோய் அரிதன்று. ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் எல்லா இனத்தவரிடமும் காணப்படுகிறது. 'பிகேடி-1', 'பிகேடி-2' என்னும் இரு மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பிழையே பெரும்பாலும் காரணம். இவை 1994ஆம், 1996ஆம் ஆண்டுகளில் அடையாளங் காணப்பட்டன. தாய் தந்தையரில் ஒருவரிடம் அப்பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்வதற்கான வாய்ப்பு சரிபாதி. நாணயத்தைச் சுண்டுவதைப் போன்றது. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையவருக்கு வராது என்று எண்ணக்கூடாது. ஒவ்வொரு முறையும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. ஆண், பெண் வேறுபாடும் இல்லை. நெருங்கிய உறவில் மணம் செய்ததால் வந்தது என்று பழி சுமத்துவதும் தவறு. உறவுமுறைத் திருமணத்தால் வாய்ப்புக் கூடுவது, குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும் வேறோர் அரிய வகைக்கு மட்டுமே.

பிழை பிறப்பிலேயே இருந்தாலும், நோய் மிக மெதுவாகவே வளர்கிறது. கைமுட்டியளவுள்ள சிறுநீரகம் நீர்க்கட்டிகளால் நிறைந்து, சிலருக்குப் பல மடங்கு பெருத்து, கிலோக் கணக்கில் எடை கூடிவிடும். ஆயினும் முப்பது, நாற்பது வயது வரை குருதிப் பரிசோதனையில் கிரியேற்றினின் அளவு இயல்பாகவே இருக்கும். எஞ்சியிருக்கும் நல்ல பகுதிகள் இரட்டிப்பாக உழைத்து இழப்பை மறைத்துவிடுகின்றன. முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் உயர் குருதியமுக்கமே. இருபத்தைந்து, முப்பது வயதில் ஒருவருக்குக் குருதியமுக்கம் உயர்ந்தால் அதனை வேலைப்பளு என்று தள்ளிவிடாமல், ஏன் என்று தேட வேண்டும். முதுகின் பக்கவாட்டில் வலி, சிறுநீரில் குருதி, சிறுநீரகக் கல், அடிக்கடி கிருமித்தொற்று என்பன ஏனைய அறிகுறிகள். பிகேடி-1 பிழையுள்ளவர்களுக்குச் சராசரியாக ஐம்பதுகளின் நடுவிலும், பிகேடி-2 பிழையுள்ளவர்களுக்கு எழுபதுகளிலும் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இறுதிவரை செயலிழக்காதவர்களும் பலர் உள்ளனர்.

இந்நோயுள்ள வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லீரலிலும் நீர்க்கட்டிகள் காலப்போக்கில் தோன்றும். ஈரல் எவ்வளவு பெருத்தாலும் அதன் தொழில் பெரும்பாலும் கெடுவதில்லை, பருமனே தொல்லை. பெண்மைக்குரிய ஈஸ்ரஜன் ஊக்கி இவற்றை வளர்க்கக்கூடும் என்பதால், கருத்தடை மாத்திரையோ மாதவிடாய் நின்றபின் தரப்படும் ஊக்கிச் சிகிச்சையோ தொடங்குமுன் பெண்கள் மருத்துவரிடம் இதனைச் சொல்ல வேண்டும்.

சிலருக்கு மூளையின் குருதிக் குழாயிலும் பலவீனமான புடைப்பு ஏற்படுவதுண்டு. இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை வெடிப்பதில்லை. குடும்பத்தில் எவரேனும் மூளைக் குருதிக்கசிவால் திடீரென இறந்திருந்தால், அதற்கெனத் தனி ஸ்கான் வேண்டுமா என்று கேளுங்கள். இடி விழுந்தாற்போலத் திடீரெனத் தாங்கொணாத் தலைவலி வந்தால், பனடோல் எடுத்துப் படுத்துக்கொள்ளாமல் உடனே 000 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

இவ்வளவையும் மருத்துவர் கூற வேண்டுமாயின், முதலில் குடும்பம் பேச வேண்டும். நம்மவரிடம் எனக்குள்ள பெருங்கவலை அதுவே.

முதற்பிள்ளையைச் சுமந்த காலத்தில் குருதியமுக்கம் மிக உயர்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இளம்பெண்ணொருவரிடம், "உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் சிறுநீரக நோய் உண்டா?" என்று கேட்டபோது, இல்லை என்றே பதில் வந்தது. தந்தையார் சலரோகத்தால் இறந்தார் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் தந்தையார் இரண்டு ஆண்டுகள் குருதிச் சுத்திகரிப்புச் சிகிச்சையில் இருந்தவர். "பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரம் என்பதால் சொல்லவில்லை, ஐயா" என்று தாயார் பின்னர் கண்கலங்கினார். அந்தத் தாயை நான் குறைகூறமாட்டேன். பரம்பரை நோய் என்ற சொல் ஒரு வீட்டின் மீது விழுந்தால், நம் சமூகம் அவ்வீட்டை எவ்வாறு நோக்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆனால் அந்த மௌனத்தின் விலையை மகள் செலுத்தினார். பத்து ஆண்டுகள் முன்னரே தெரிந்திருந்தால், பத்து ஆண்டுகள் முன்னரே குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தியிருக்கலாம்.

போரும் இடப்பெயர்வும் நம் குடும்பங்களின் மருத்துவ வரலாற்றை வேறு அழித்துவிட்டன. பெரியப்பா எதனால் இறந்தார் என்பதற்கு ஏடுகள் இல்லை. 'கிட்னி பழுதாகிச் செத்தார்' என்ற ஒரு வரியே எஞ்சியிருக்கும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்வியுற்ற சிலர், கிணற்று நீரே காரணமாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்நோய் வேறு, அதில் சிறுநீரகம் சுருங்கும், பல்நீர்க்கட்டி நோயில் பெருக்கும். ஆகவே வயது முதிர்ந்த அத்தைமாரிடமும் சித்தப்பாமாரிடமும், கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்களிடமும் கேளுங்கள். யாருக்குச் சிறுநீரகம் பெருத்திருந்தது? யார் இளவயதில் குருதியமுக்க மருந்து எடுத்தார்? யார் தலைவலியென்று விழுந்து இறந்தார்? இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள்.

பெற்றோருக்கு நோய் உறுதியான குடும்பத்தில் பிள்ளைகளைப் பரிசோதிப்பது கடினமன்று. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கான் போதும். 15 முதல் 39 வயது வரையானோருக்கு இரு சிறுநீரகங்களிலுமாகச் சேர்த்து மூன்று நீர்க்கட்டிகள், 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு, 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் நான்கு என்பதே நோயை உறுதிசெய்யும் கணக்கு. நாற்பதைக் கடந்தவருக்கு ஒன்றுக்கு மேல் இல்லையெனில் இந்நோய் இல்லை என்று நம்பலாம். இருபதுகளில் எடுத்த ஸ்கான் தெளிவாக இருந்தால் மட்டும் முற்றாக விடுபட்டோம் என்று எண்ணிவிடக்கூடாது. ஐயம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் மரபணுப் பரிசோதனையும் உண்டு. சிறுவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை குருதியமுக்கம் பார்ப்பது நன்று. அறிகுறியற்ற சிறுவருக்கு ஸ்கான் வேண்டுமா என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். வளர்ந்த பிள்ளைகளிடம் செய்தியைச் சொல்வது பெற்றோரின் கடமை. பரிசோதனை செய்வதா இல்லையா என்பது பிள்ளைகளின் உரிமை.

காப்புறுதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மரபணுப் பரிசோதனையின் முடிவைக் காட்டித் தனியார் மருத்துவக் காப்புறுதியின் கட்டணத்தை ஒருவருக்கு மட்டும் உயர்த்த முடியாது. ஆயுட் காப்புறுதிக்குரிய விதிகள் வேறு. ஆகவே பரிசோதனைக்கு முன்னரே மரபியல் ஆலோசகரிடம் அதனையும் விசாரியுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். நீர்க்கட்டிகளைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் அவற்றைக் கரைக்கமாட்டா. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு உள்ளடக்கம் தெரியாத மூலிகைப் பொடிகள் தீங்கே விளைக்கும். நட்சத்திரப் பழமும் அத்தகையோருக்கு நஞ்சு போன்றது. 'நீர்தானே கட்டியிருக்கிறது, குறைவாகக் குடித்தால் வற்றிவிடும்' என்று தாகத்தை அடக்குவோரும் உளர். அது பிழை. அப்படியாயின் நிறையக் குடித்தால் நோய் தணியுமா? சிட்னி வெஸ்ட்மீட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 184 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து நடாத்தப்பட்ட ஆய்வு இதனைத்தான் வினவியது. 2022இல் வெளியான அதன் முடிவின்படி, கணக்கிட்டுக் கூடுதலாக நீர் அருந்தியவர்களுக்கும் வழமைபோல் அருந்தியவர்களுக்கும் சிறுநீரகம் பெருக்கும் வேகத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே தாகத்துக்குத் தடையின்றிக் குடியுங்கள், குடம் குடமாகக் குடிக்கத் தேவையில்லை.

உறுதியாகப் பயன் தருவது குருதியமுக்கக் கட்டுப்பாடு. வீட்டிலேயே அளக்கும் கருவி ஒன்றை மருந்தகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இளவயதினருக்கு மருத்துவர் 110க்கு 75 என்ற அளவையொட்டிய கடுமையான இலக்கையும் வைக்கக்கூடும். உங்களுக்குரிய இலக்கம் எதுவெனக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உப்பைக் குறைப்பது நமக்குக் கடினமே. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகிய நான்கும் ஒரே இலையில் அமர்ந்தால் அன்றைய உப்பின் எல்லை அப்போதே தாண்டிவிடும். முற்றாக விடச் சொல்லவில்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். புகைப்பிடித்தலை மட்டும் முற்றாகவே விடச் சொல்கிறேன். மூட்டுவலிக்கு மருந்துச்சீட்டின்றிக் கிடைக்கும் இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்ற மாத்திரைகளைத் தவிருங்கள்.

நோய் விரைந்து வளரும் அறிகுறியுள்ளவர்களுக்கு 'ரொல்வப்ரன்' என்னும் மாத்திரை உண்டு. அது நோயை நிறுத்தாது, மெதுவாக்கும். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் அரச மருந்துச் சலுகைத் திட்டத்தின் கீழ், தகுதியுடையோருக்கு வழங்கப்படுகிறது. தாகமும் சிறுநீரும் மிக அதிகரிக்கும். இரவில் பலமுறை எழ வேண்டிவரும். ஈரலுக்குப் பாதிப்பு ஏற்படுகிறதா என்று ஒழுங்காகக் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். வாகனம் ஓட்டும் தொழிலினர் போன்றோர் இதனைத் தொடங்குமுன் நன்கு யோசிக்கிறார்கள், அது நியாயமே.

சிறுநீரகம் செயலிழந்தால் குருதிச் சுத்திகரிப்பும் மாற்றுச் சிறுநீரகமும் உண்டு. பொருத்தப்படும் சிறுநீரகத்தில் இந்நோய் மீண்டும் வராது. ஆனால் தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைத் தர முன்வரும் அக்காவுக்கும் அதே பிழை இருக்கலாம். எனவே முதலில் அவரை முழுமையாகப் பரிசோதிப்பார்கள். மனைவியோ நண்பரோ தருவதற்கும் இந்நாட்டில் வழியுண்டு.

ஏற்கெனவே நீர்க்கட்டி உள்ளவருக்குக் காய்ச்சலுடன் பக்கவாட்டு வலி வந்தால், அன்றே மருத்துவரைக் காணுங்கள். நீர்க்கட்டிக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். சிறுநீரில் குருதி தென்பட்டாலும் அவ்வாறே. பெரும்பாலும் நீர்க்கட்டி ஒன்று உடைந்ததால் வந்த குருதியாக இருக்கும். சில நாட்களில் நின்றுவிடும். இருப்பினும் காரணம் அதுதான் என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தந்தையின் நோய் தனக்கும் வரலாம் என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை மொழிபெயர்த்துக்கொண்டே அறிய நேர்வது கொடுமை. 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உள்ளனர். மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைப்பர். சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று சொல்லி வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் 'கட்டி' என்று சொன்னால், "எந்தக் கட்டி? நீர்க்கட்டியா?" என்று அவரை மருத்துவரிடமே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்கான் அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டுப் பெற்று வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம். பலர் முன்னிலையில் கேட்கத் தயங்குவோர் தேநீர் நேரத்தில் என்னிடம் தனியே வரலாம்.